ஏழு ஜன்னலுக்கு ஒரு சேலை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. இன்று காலை வரப்பில் நின்று நிலத்துக்காரர் இராஜாங்கம் ஐயா என்னைக் கேட்ட கேள்வி. அதை மூன்றாம் பகுதியில் எழுதுகிறேன். இப்போதே எழுதக் கை வரவில்லை. நாள் முழுக்க நாற்று நட்ட கை வேறு. எழுத்து கோணலாகத்தான் விழும்.

வாயால் யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் கதை படிக்கிறவர்கள் இல்லை. அந்தத் தைரியம்தான்.

பெயர்களெல்லாம் பொய். என்னை நாகம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தரங்கம்பாடிக்காரன் லியோ ஒரு பழைய வேன் வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்தான்.’ வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் தரங்கம்பாடிக்காரன் இல்லை. தேடுகிறவர்கள் கடல் பக்கமாகத் தேடட்டும் என்று போட்டேன்.

வேன் நிஜம். கட்டில், ஸ்டவ், தண்ணீர்க் கேன் எல்லாம் உள்ளேயே. லியோவும் ஐயாவின் மகள் இசைவாணியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அதில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். ஓர் ஊரில் தங்குவதில்லை. அந்த வண்டி இப்போது நிற்பது

(இந்த வாக்கியம் இவ்வளவுதான்.)

“பாப்பா கோயம்புத்தூர்ல படிக்குது” என்று ஐயா ஊரில் சொல்கிறார். தேடுவது தெரியாமல் தேடுகிறார். அவருடைய மச்சான்கள் இருவர் காரில் சுற்றுகிறார்கள். கண்டுபிடித்தால் அவர்கள் (இதையும் எழுத மாட்டேன்.)

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது பாப்பாதான். நான் சாணி அள்ளப் போகும்போது, மாட்டுக்கொட்டகைச் சுவரில், கரித்துண்டால். அவள் போன் செய்து கேட்டாள்.

“நாகம்மாக்கா, வேன்ல ஏழு ஜன்னல். டீக்கடையாண்ட நிறுத்துனா எட்டி எட்டிப் பாக்குறாங்க. நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிறேன். திரை தச்சுத் தர்றீங்களா?”

கடையில் துணி வாங்கினால் எதற்கென்று கேட்பார்கள். என் பெட்டியில் கட்டாத சேலை ஒன்று கிடந்தது. கெட்டித் துணி, வெளிச்சம் வடியாது. பக்கத்து வீட்டு ஆரோக்கியத்திடம் தையல் மிஷின் உண்டு. வேன் ஜன்னல் அளவைச் சொன்னேன்.

“என்னடி, வேனுக்கு ஜாக்கெட்டா? கை வைக்கணுமா, கையில்லாமலா?”

“வேளாங்கண்ணிக்குப் போற வேன். கம்பி கோக்க மேலயும் கீழயும் மடிச்சு அடி, போதும்.”

“மாதாகிட்ட உனக்கென்னடி வேலை?”

“வேண்டுதல்” என்றேன். அது பொய்யில்லை.

லியோ வந்து பொட்டலத்தை வாங்கிப் போனான். மறுநாள் பாப்பா பேசினாள். “அக்கா, இன்னிக்குத்தான் கட்டில் மேல தூங்குனேன்.”

3

இப்போது அந்தச் சேலையைப் பற்றி.*

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஐயா நடவுப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் சேலை கொடுப்பார். நடவு தொடங்கும் நாளில் எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டு வயலில் நிற்க வேண்டும். போட்டோ எடுத்துச் சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு அனுப்புவார். இந்த வருஷம் மிஷின் நடவு என்று அவரே சொன்னார். நடவுக்கு ஆளே வேண்டாம் என்றால் நடவுச் சேலை எதற்கு? வெட்டிவிட்டேன்.

மழை பெய்தது. மிஷின் சேற்றில் இறங்கிவிட்டது. எங்களைக் கூப்பிட்டு ஆளனுப்பினார்.

இன்று காலை எல்லோரும் ஒரே நிறம். நான் மட்டும் பழைய பச்சை.

“என்ன நாகம்மா, நீ மட்டும் தனிக் கலரு? சேலை எங்க?”

“தொவைச்சுப் போட்டிருக்கேன் ஐயா. காயல.”

“தையில குடுத்தது இன்னுமா காயல?” என்று தர்மாம்பாள் குறுக்கே விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சரி. போட்டோ நாளைக்கு எடுத்துக்கலாம். கட்டிக்கிட்டு வா.”

ஒருத்தி சேலைக்காகப் போட்டோவைத் தள்ளிவைக்கிற மனிதர் இல்லை அவர். இவ்வளவு நேரமும் நான் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

* நிறத்தை எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். கடையில் அந்த நிறத்தைப் பொறுக்கியவளே பாப்பாதான். திரையைப் பிரித்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மாட்டிக்கொண்டாளே, வேறு துணியில்லாமலா, இல்லை (தெரியவில்லை.)

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

எலி கடித்துவிட்டது என்கிறேன். ‘கந்தலைக் கொண்டா’ என்பார்.

ஆரோக்கியத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறேன். அவளிடம் ஆள் போகும். வேளாங்கண்ணி வேனுக்கு அவள் தைத்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுவாள். அவள்மேல் தப்பில்லை. அப்புறம் மச்சான்கள் ஆளைத் தேட வேண்டாம். அந்த நிறத்தில் ஏழு ஜன்னல் போகிறதா என்று ரோட்டைப் பார்த்தால் போதும்.

திரையைக் கழற்றச் சொல்லலாம். பாப்பாவே கூப்பிட்டால்தான் உண்டு. நான் கூப்பிட்டால் அவள் போன் அணைந்திருக்கும். கழற்றினாலும் அவள் மறுபடி கட்டிலுக்கு அடியில்.

‘ஐயா மனம் மாறினார்’ என்றும் ஒன்று எழுதினேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். என் கையெழுத்தே அதை நம்பவில்லை.

நாளைக்கு வயலுக்குப் போவேன். போகாவிட்டால் அதுவே அவருக்குப் பதிலாகிவிடும். வரப்பில் எனக்கு நடப்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அழ வையுங்கள், காலில் விழ வையுங்கள், புதிதாக ஒரு பொய் கொடுங்கள். அதைச் சரியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

வேனை மட்டும், உங்கள் கதைக்கு அது எவ்வளவு நல்ல முடிவாக அமைந்தாலும், எங்கேயும் நிறுத்திவிடாதீர்கள்.