வல்லைவெளி மலை

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சைக்கிள் ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, வல்லைவெளியில் தெரு மலையாக எழுந்தது. நீர்வேலிச் சந்தையில் அன்று வாழைக்குலைக்கு நல்ல விலை. கோப்பாயிலிருந்து கரவெட்டி போய்த் திரும்பும் ஓட்டம் அது. முன்னால் போனவர்களின் சில்லுகளுக்குக் கீழே தார் மெல்ல உயர்ந்தது, பிறகு வளைந்தது, பிறகு மேகத்துக்குள் போனது. மேடே ஏறிப் பழகாத இளைஞர்கள் முதல் வளைவிலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கஜீபன் மட்டும் ஏறிப்போனான். மத்தியானம் கழிந்தும் அவன் இறங்கவில்லை. பொலிஸார் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள்.

கஜீபனின் அக்கா சுவர்ணா கோப்பாயில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். அவள் தன் சைக்கிளோடு கயிற்றடிக்கு வந்தபோது தாய் மீனாம்பிகை கைபிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மேலை கிடக்கிறான். நீயும் போனால் நான் ஆரோடை இருக்கிறது?"

"ஏறினவனுக்கு இறங்கத் தெரியேல்லை அம்மா. விடுங்கோ."

பாதி தூரம் மிதித்தும் மீதியை உருட்டியும் ஏறினாள். ஒரு வளைவில் வடகடலும் கடனீரேரியும் ஒன்றாகத் தெரிந்தன. அதன்பிறகு முன்சில்லைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. உச்சியில் கஜீபன் ஒரு மைல்கல்லைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"அக்கா, ஏறேக்கை ஒண்டும் தெரியேல்லை. திரும்பிப் பார்த்தாப் பிறகு கை விடுகுதில்லை."

"எனக்கும் பயம்தான்ரா. உதிலை கிடந்தால் விறைச்சுப் போவாய். எழும்பு."

"பிரேக் பிடிக்காட்டி?"

"ரெண்டு பேரும் விழுவம். ஏறு."

அவனுடைய ஓட்டச் சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு, மாவட்டத்திலேயே வேகமானவன் என்று பெயரெடுத்தவன் அக்காவின் கரியரில் ஏறி, அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சரிவில் சைக்கிள் விட்டே அறியாதவள் பிரேக்கை இறுக்கினாள். ரப்பர் கருகி மணத்தது. பாதியில் அது தேய்ந்தே போனது. செருப்பைத் தரையில் ஊன்றினாள். செருப்பும் தேய்ந்த பிறகு வெறுங்காலை ஊன்றினாள். இருவரும் ஒரே குரலில் அலறியது அச்சுவேலி வரை கேட்டதாம். சைக்கிள் கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவோர வெளியில் சரிந்து நின்றபோது மீனாம்பிகை ஓடிவந்து இருவருக்கும் அடித்தாள், அதன்பிறகுதான் அழுதாள்.

மலை போகவில்லை. பருத்தித்துறை பஸ்கள் இப்போது முதலாம் கியரில் ஏறுகின்றன. நடத்துநர் உச்சியில் யன்னல்களைச் சாத்தச் சொல்கிறார். அடுத்த வருட ஓட்டமும் அதே தெருவில்தான் நடந்தது. கஜீபன்தான் முதலில் உச்சிக்கு ஏறினான். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து இறங்கிப்போவதைப் பார்த்தபடி, அக்கா ஏறி வரும்வரை அங்கேயே நின்றான்.