பூபாலனின் இழைப்புளியும் சாத்தாத கதவும்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை யோசித்து எழுதவில்லை, எட்டிப் பார்த்து எழுதினேன். சேக்காட்டில் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் பூபாலன் வீட்டுப் பின்பக்கம் முழுசாகத் தெரியும். துணி காய்ந்த பிறகும் தெரியும்.

முதல் வரி இப்படி இருந்தது:

[பூபாலன் கை பட்டால் இரும்புகூட...]

வேண்டாம். அந்த ஆளைப் புகழ்ந்து ஆரம்பித்தால் அவர் பெண்சாதி ஷோபனா என்னைச் சும்மா விடமாட்டாள்.

2

ஐப்பசி மழையில் பின்பக்கக் குளியலறைக் கதவு ஊதிப்போய் நிலையில் இடித்தது. தாழ்ப்பாள் விழவில்லை. வேலை தேடி வந்த கொழுந்தன் ஜெகதீசனும் அதே வீட்டில் தங்கியிருந்தான். அவன் எழுமுன் ஷோபனா எழுந்து, உள்ளேயிருந்து கதவுக்குக் குடத்தை முட்டுக்கொடுத்து, சோப்பு போட்டும் போடாமலும் குளித்தாள்.

(இடுக்கில் அவள் கண் தெரியும். ஒருநாள் அது என்னைப் பார்த்துவிட்டது. இதை எழுதுவதா என்று இன்னும் யோசிக்கிறேன்.)

தச்சர் அமல்ராஜைக் கூப்பிட்டால் அரைமணி நேர வேலை. பூபாலன் கூப்பிடுவாரா? டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர் ஆயிற்றே. "டூல் ரூம்ல இருவது வருஷம் கீறேன். ஒரு கதவுக்கு வெளியாள இட்டாருவேனா?" என்றார். ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான இழைப்புளியை வரவழைத்தார்.

3

அது மரத்தைச் சீவவில்லை, பிறாண்டியது.

அடிப்பாகம் மேடுபள்ளம் என்று கண்டுபிடித்தார். டிவி ஸ்டாண்டுக் கண்ணாடியைக் கழற்றி, உப்புத்தாள் ஒட்டி, இழைப்புளியின் அடியில் நீல மை பூசித் தேய்த்தார். மை அழியாத இடம் பள்ளமாம். நாலு நாள். அப்புறம் பிளேடின் முதுகில் முகம் தெரியும்வரை மூன்று நாள். அப்புறம் பிளேடுக்கும் அதன் மேல்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதென்று இன்னும் மூன்று நாள்.

(வெளிச்சம் தெரிந்தால் சீவல் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும். அவர் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சல்.)

பத்தாம் நாள் துண்டுத் தேக்கிலிருந்து வெங்காயத் தோல்போல ஒரு சுருள் வந்தது. பேப்பர்மேல் விரித்து, அதன் வழியாகச் செய்தி படித்துக் காட்டினார். "அண்ணாத்தே, இத்த வச்சி சவரமே பண்லாம் போல கீது" என்றான் தம்பி.

கதவை எப்போது சீவுவது என்று ஷோபனா கேட்டாள்.

"பெயிண்டு அடிச்ச கதவுல இத்த வெக்கறதா? உள்ள ஆணி கீணி இருந்தா பிளேடு பூடும்."

4

இந்த இடத்தில் எனக்கு என்மேலேயே கோபம். முதல் பிரதியில் இழைப்புளிக்கு ஐந்து பக்கம், ஷோபனாவுக்கு ஒரே வரி: [ஷோபனா பொறுமைசாலி.]

யார் சொன்னது? நான் கேட்டேனா? அவர் பிளேடைத் தீட்டிய பத்து நாளும் நான் முதல் வரியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது.

5

பதினோராம் நாள் காலை குடம் உருண்டது. கதவு தானாகத் திறந்தது. வெளியே பல் பிரஷ்ஷோடு ஜெகதீசன். பாவம், சட்டென்று திரும்பிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூபாலன் சொன்னதுதான்: "கொடத்த சரியா வெக்கக் கூடாதா?"

ஷோபனா அடுப்படிக்குப் போனாள். அவர் டூட்டிக்கும் தம்பி இன்டர்வியூவுக்கும் கிளம்பும்வரை தோசை சுட்டாள். பிறகு கதவு ஆடாமல் காலி சிலிண்டரை அண்டக்கொடுத்தாள். பனியனில் சுற்றிவைத்திருந்த இழைப்புளியைப் பிரித்தாள். பத்து நாள் பார்த்தவளுக்குப் பிடிக்கும் விதம் தெரியாதா?

வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் 'கிறீச்'. ஆணி. நிறுத்தவில்லை.

6

சாயங்காலம் பூபாலன் கண்டது: வெள்ளைப் பெயிண்டுச் சுருள்கள், விளிம்பு உடைந்த பிளேடு, சாத்திய கதவு.

"பிளேட இன்னா பண்ணிகீற?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"குளிச்சிகினு கீறேன்."

மறுபடி தண்ணீர்.

7

மூன்று முடிவு வைத்திருந்தேன்.

[பூபாலன் தலைகுனிந்து...]

[கதவை ஓங்கி உதைத்து...]

[மறுநாள் புது பிளேடு...]

மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் எப்போது வெளியே வருவாள், வந்து என்ன கேட்பாள் என்று கழுத்து சுளுக்க எட்டிப் பார்த்தேன். ஒரு மயிரிழை இடுக்குகூட இல்லை. நன்றாகத்தான் சீவியிருக்கிறாள்.

முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போய்த் தட்டிப் பாருங்கள். நான் துணியை எடுத்துக்கொண்டு கீழே போகிறேன்.