தடிக் கம்பி

லூர்துமேரி டீச்சர் திண்டிவனத்திலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தங்களை ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தார். எட்டாம் வகுப்பில் அன்று மோட்டார் செய்முறை. கெடாரிலிருந்து வரும் வேணிக்கும் துர்காவுக்கும் ஒரே பெஞ்சு. பேட்டரி செல்லின் மேல் காந்தத்தை ஒட்டி, அதன் இரு முனையிலும் ஊக்குகளை ரப்பர் பேண்டால் கட்டி, அவற்றின் துளைகளில் செம்புக் கம்பிச் சுருளை மாட்டினார்கள். வேணி மெல்லச் சுண்டிவிட்டாள். சுருள் சுற்றவில்லை, கம்பி விரலைச் சுட்டது.

"கைய எடு. மோட்டார் நின்னுட்டா கரண்ட் நெறைய ஓடி சூடாயிடும்," என்றார் டீச்சர். "வூட்டுல அதுக்குத்தான் பியூஸ். அது அடிக்கடி போச்சின்னா எங்கியோ லீக்குன்னு அர்த்தம்."

"எங்க போர் மோட்டார்ல தெனம் போய்க்கினே இருந்துச்சி டீச்சர்," என்றாள் துர்கா உற்சாகமாக. "எங்கப்பா பேஜாராயி, பியூஸ்ல தடி கம்பியா எடுத்துச் சுத்திட்டாரு. அப்புறம் போகவே இல்ல."

டீச்சர் வேணியைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மோட்டாரைத் தொட்டுத்தான் போன தை மாதம், துர்கா வீட்டு நிலத்தில் கூலிவேலை பார்த்த வேணியின் அப்பா பச்சைமுத்து செத்தார். குடித்துவிட்டு ஈரக்கையோடு தொட்டார் என்று போலீசில் எழுதி வழக்கை மூடிவிட்டார்கள். அப்பாவுக்குக் குடிப்பழக்கமே கிடையாது.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு சுருள் சுற்றத் தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் அம்மா ஜெயம்மாள் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கிய கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேணி சொன்னதைக் கேட்டு அவள் அதிரவில்லை.

"தெரியும். அன்னிக்கே அந்தக் கம்பிய பாத்தேன். பொணத்த எடுத்துக்கினு போயி வர்றதுக்குள்ள புது பியூஸ் மாட்டிட்டாங்க."

"ஏம்மா சொல்லல?"

"யாருகிட்ட? கேஸு எழுதனவரு அவங்க வூட்டு நாற்காலிலதான் உக்காந்துக்கினு எழுதனாரு. நாளைக்கும் அவங்க நெலத்துலதான் எனக்கு வேல. வாய மூடிக்கினு படி."

வேணியால் மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. துர்கா சொன்னதையும் அம்மா பார்த்ததையும் நோட்டில் எழுதிக் கிழித்து, மறுநாள் டீச்சரிடம் கொடுத்தாள்.

"இத யாருக்கு அனுப்பணும் டீச்சர்?"

டீச்சர் இரண்டு முறை படித்தார். "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "பாக்கலாம்மா."

அதற்குப் பிறகு வகுப்பில் அவர் வேணியிடம் கேள்வியே கேட்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த வேணி, கடைசியில் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்று, அந்தப் பேப்பர் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"எந்தப் பேப்பர்மா?" என்றார் டீச்சர்.