தழும்பின் மேல் ஒரு கை

ஆரோக்கியசாமி ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு 'ஷாப்'பின் சுண்ணாம்புத் தொட்டியில் ஆறு வருஷம் நின்று வேலை செய்தான். மழைக்காலத்திலும் அவன் பாதங்களில் வெடிப்பு மாறியதில்லை. 1927 ஆனியில் முதலாளி குர்ஷித் சாயபு அவனைத் தரம் பிரிக்கும் மேசைக்கு மாற்றினார். பதினைந்தாம் நாளே புகார் வந்தது. அவன் இரண்டாம் தரம் என்று ஒதுக்கிய மாட்டுத்தோல்களில் உண்ணி கடித்த துளைகள் இருந்தன; அவை மூன்றாம் தரத்துக்குப் போயிருக்க வேண்டியவை.

"கண்ண இன்னாத்துக்கு வெச்சிருக்க, மூஞ்சிக்கு அழகுக்கா?" என்றார் சாயபு. "சனிக்கிழமை பத்து தோலு தருவேன். ஒவ்வொண்ணுலயும் எத்தினி துளைன்னு சொல்லணும். ஒண்ணு விட்டாலும் தொட்டிக்கே போயிடு."

எங்கே தவறுகிறது என்று ஆரோக்கியசாமிக்குத் தெரியும். கிராமங்களில் நோய் கண்ட மாட்டுக்குச் சூடு போடுவார்கள். அந்தத் தழும்பு பதனிட்ட தோலிலும் பளபளவென்று தெரியும். கண் நேரே அங்கே போகும். குறையைக் கண்டுவிட்டோம் என்று அங்கேயே நின்றுவிடும். பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் இன்னும் வேகமாக அங்கே ஓடியது.

பழகிக்கொள்ள வீட்டில் முறத்தை வாங்கி அரிசியில் கல் பொறுக்கினான். அன்று சோற்றின் இரண்டாம் கவளத்திலேயே அவன் மனைவி பொன்மலரின் வாயில் 'கடக்' என்றது.

"வெள்ளைக் கல்லு," என்று எடுத்து அவன் தட்டோரத்தில் வைத்தாள். "கறுப்ப எல்லாம் பொறுக்கிட்டு பெருமையா குந்திட்ட. வெள்ளையத் தேடவே இல்ல நீ."

"இன்னா பண்றது பொன்னு? கண்ணு அங்கதான் போவுது."

"போற வழிய அடைச்சிடுய்யா. பக்கத்துக் கொல்லைக்கு ஆடு ஓடினா படல் வெச்சி மறைக்கல நாம?"

சனிக்கிழமை மதியம் பாதி ஷாப் மேசையைச் சுற்றி நின்றது. தோல்களை எடுத்து வைத்தவன் சின்னசாமி, தரம் பிரிப்பதில் இருபது வருஷம் பழகியவன். துளைகளை அவன் முன்பே எண்ணிச் சாயபுவிடம் சொல்லியிருந்தான்.

ஒன்பது தோல்களுக்கும் கணக்குச் சரியாக வந்தது. பத்தாவதை விரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சூட்டுத் தழும்பு.

"உனக்குன்னே தேடி எடுத்தேன் மச்சான்," என்றான் சின்னசாமி.

ஆரோக்கியசாமி இடது கையைத் தழும்பின் மேல் வைத்து மூடினான்.

"இன்னாடா, தோலுக்குக் காய்ச்சலா பாக்கற?" என்றான் சின்னசாமி.

ஆரோக்கியசாமி கழுத்துப் பக்கம் தொடங்கி, வலது கையின் விரலால் ஒரு கோடு போல இழுத்து, விரல் போன இடத்தை மட்டும் பார்த்தான். கண் இரண்டு முறை இடது கைப்பக்கம் நழுவியது. அங்கே தன் நகங்களைத் தவிர எதுவும் இல்லாததால் திரும்பி வந்தது. முன்காலருகே ஒன்று. விலாவில் இரண்டு. வாலோரத்தில் ஒன்று.

"எத்தினி?" என்றார் சாயபு.

"நாலு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். தோல் முழுவதும் பார்த்தாயிற்று. பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான், அது தன் கைக்கு அடியில் இருந்தது.

கையை எடுத்துவிட்டுக் குனிந்தான். தோலை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தான். தழும்பின் மடிப்புக்குள் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"அஞ்சு, சாயபு."

சாயபு சின்னசாமியைப் பார்த்தார். சின்னசாமி உரக்கச் சிரித்தான். "சரிதான் சாயபு. தோலுக்குக் காய்ச்சல் விட்டுட்ச்சு."

"மேசையிலயே இரு," என்றார் சாயபு ஆரோக்கியசாமியிடம். "அந்தக் கையையும் கூடவே எடுத்துக்கினு வா."

மறுநாள் ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் அவனே முறத்தை எடுத்து உட்கார்ந்தான். ஏழு வெள்ளைக் கற்களைப் பொறுக்கி, பொன்மலர் பார்க்கட்டும் என்று வரிசையாக வைத்தான். அவள் கறிக்குழம்பு ஊற்றி முதல் கவளத்தை வாயில் போட்டாள்.

கடக்.

"இன்னா கலரு?" என்றான் ஆரோக்கியசாமி.

அவள் சிரித்துக்கொண்டே கல்லை எடுத்து அவன் தட்டோரத்தில் வைத்தாள். மிளகளவு இருந்தது. நல்ல கறுப்பு.