பன்னிரண்டாவது பூஜ்யம்

துரையை எல்லோரும் கைதட்டிப் பாராட்டிய அன்று அவனுடைய அக்கா மட்டும் கைதட்டவில்லை.

துரைக்கு முப்பத்தாறு வயது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதற்கும் அவசரப்படாமல் அவன் நடக்கிற நடையைப் பார்த்து அப்பா வைத்த பட்டப்பெயர் அது. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் குறை. பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவான். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கடிப்பான். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா அவனை இரண்டு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு இடது முழங்கையில் ஒரு தழும்போடு கொண்டுவந்து இந்த விடுதியில் சேர்த்தாள்.

விடுதியில் அடிப்பது, அறையில் பூட்டுவது எல்லாம் கிடையாது. எதனால் கடிக்கிறான் என்று பார்ப்பார்கள். கடிப்பதற்குப் பதிலாக அவன் செய்யக்கூடிய வேறொன்றைக் கற்றுக்கொடுப்பார்கள். பிறகு அளப்பார்கள். அளப்பதில்தான் அவர்களுடைய உயிரே இருந்தது. ஒவ்வொரு கடிக்கும் தாளில் நான்கு கட்டம்: எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு என்ன ஆனது. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி கிராஃபில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி வைக்கிற அம்மாளுக்கு விடுதியில் கிராஃப் மேடம் என்றே பெயர். சிரிக்காத முகம், சீவிய பென்சில்.

துரைக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மஞ்சள் அட்டை. அதில் விரித்த உள்ளங்கையின் படம். பிடிக்காதது எது நடந்தாலும் அதை எதிராளி கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் உடனே நிறுத்தி, "சரி, போதும்" என்று சொல்லி ஒரு நிமிடம் தள்ளிப் போக வேண்டும். யாராக இருந்தாலும் இதுதான் சட்டம். சமையல்காரர் முதல் காவலாளி வரை கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அக்காவும் போட்டிருந்தாள்.

முதல் வாரம் இருபத்து மூன்று கடி. பாதிக்கு மேல் வாங்கியது துரையின் சொந்த உதவியாளர். ஐம்பது வயது மனிதர். கையில் மருந்தைத் தடவிக்கொண்டு மறுபடி அட்டையை நீட்டச் சொல்லிக்கொடுத்தவர். இரண்டாம் மாதம் ஒன்பது. பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. பிறகு பூஜ்யம். அந்தப் பூஜ்யம் பதினோரு வாரம் அசையாமல் நின்றது. உதவியாளர் அந்தக் கிராஃபை, பேரனின் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவது மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

"இன்னும் ஒரே வாரம்தாம்மா," என்றார் அக்காவிடம். "பன்னெண்டு பூஜ்யம் வந்துட்டா நம்ம துரை பாஸ்!"

பாஸானால் என்ன என்பதைக் கிராஃப் மேடம் சொன்னார். "இலக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். ஒன்பது பேர் இடத்துக்காகக் காத்திருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை நானே ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். குடும்பத்துல ஒருத்தர் கூட இருக்கணும். வாழ்த்துகள்."

"ஒருவேளை... கடிச்சிட்டான்னா?"

"கடிக்க மாட்டார். கடிச்சா இன்னும் ஆறு மாசம் இங்கேயே இருப்பார். முதல்லேர்ந்து தொடங்கணும்."

அன்று வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கணவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல மனிதன்தான், வாய்தான் சும்மா இருக்காது. "அப்போ உன் தம்பி பாஸ், நாம ஃபெயில்," என்றான். பிறகு இருக்கிற இரண்டு அறைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தான். ஒன்றில் அவர்கள். இன்னொன்றில் படிக்கிற மகள். "எங்கே படுப்பான்? ஃப்ரிட்ஜ் மேலயா?"

"நான் என்னங்க பண்ணட்டும்?"

"நான் ஒண்ணும் சொல்லல. போன தடவை அவன் இங்கே இருந்தப்போ பொண்ணு எட்டு மாசம் தன் அறையில நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுத் தூங்கினா. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் அவள் வேலை. நாள் முழுவதும் வருகிறவர்களின் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பாள். அந்த வாரம் இரண்டு பேருக்குத் தப்பாக அளந்தாள். மூன்றாம் நாள், ஒருவர் முகத்துக்கு நேரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு எடுத்தாள். ஒரே ஒரு கடி போதும். அதையும் தன் கையிலேயே வாங்கிக்கொள்வாள். வேறு யாருக்கும் வலிக்கப் போவதில்லை. இதை நினைத்தபோது அவளுக்குத் தன் மீதே கொஞ்சம் மரியாதை வந்தது. மனிதர்கள் கேவலமான காரியத்துக்குக் கிளம்பும்போது இப்படி ஏதாவது ஒரு தியாகத்தைக் கூட எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

எப்படிக் கடிக்க வைப்பது என்று அவளுக்குத் தெரியும். சேர்த்த அன்று நிரப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: அவரைக் கலவரப்படுத்தும் சத்தம் ஏதாவது உண்டா? "இல்லை" என்று எழுதியிருந்தாள். அது பொய்.

அவளுக்குப் பதினான்கு வயது, துரைக்கு எட்டு. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்வது இவள் தலையில். அடுத்த வீட்டில் தோழிகள் சிரிக்கிற சத்தம் கேட்கும். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் சங்கிலி போட்ட தாழ்ப்பாள். அவள் அந்தச் சங்கிலியை ஆட்டி, "உள்ள போ" என்பாள். துரை போவான். "இனிமே மாட்டேன்னு நூறு தடவை சொல்லு. அப்பத்தான் திறப்பேன்." அவன் என்ன தப்புச் செய்தான் என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவனுக்கு எண்ணவும் தெரியாது. எண்ணியது அவள்தான். சில நாள் எண்ணிக்கொண்டே தோழி வீடு வரை போய்விட்டு வந்திருக்கிறாள். இதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை, கணவனிடம் சொன்னதில்லை. நான்கு வருடம் நடந்தது.

வெள்ளிக்கிழமை அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள், பல் பதிய வசதியாக. கைப்பையில் ஸ்கூட்டர் பூட்டுகிற சங்கிலி.

அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் கடிகாரம். மூலையில் கிராஃப் மேடம் மடியில் எழுதுபலகையும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். பார்க்கிற நேரத்தில் அவர் பேசக்கூடாது, குறுக்கிடவும் கூடாது. காயம் படுகிற மாதிரி ஆனால் மட்டும் உதவியாளரைக் கூப்பிடலாம். துரை மேசையில் துவைத்து வந்த காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, கற்றுக்கொடுத்தபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அக்கா," என்றான். "உக்காரு."

மூலையில் பென்சில் கீறியது. நல்லது ஏதோ எழுதுகிறார்.

ஒரு மணி நேரம் அவளால் முடியவில்லை. துரை காலுறைகளை முடித்தான். ஜோடி கிடைக்காத ஒற்றைக் காலுறையை அவளிடம் காட்டிச் சிரித்தான். உதவியாளர் அவனைவிட அதிகமாகச் சிரித்தார். அப்படியே எழுந்து போய்விடலாமா என்று கூட அவளுக்குத் தோன்றியது. நாற்காலி முட்டுக்கொடுத்த கதவு ஞாபகம் வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

உதவியாளர் வெளியே போனார். அவள் நாற்காலியை மேசையின் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டு, அவன் வெளியே போக வழிவிடாமல் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறவள் மாதிரி, மூலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி பைக்குள்ளேயே சங்கிலியைப் பிடித்தாள். இரண்டு முறை ஆட்டினாள்.

துரையின் கை காலுறை மேலேயே நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருடம் ஆகியும் அந்தச் சத்தம் அவனுக்குள் அப்படியே இருந்தது. முகத்திலிருந்த சிரிப்பு போய், உதடு வெளுத்தது. பல்லைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம் என்று அக்கா கையைத் தயாராக மேசை மேல் நீட்டினாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

அவள் வாங்கவில்லை. சங்கிலியை ஆட்டினாள். அவன் அட்டையை அவள் மடியில் வைத்தான். அவள் முழங்காலை அசைத்தாள், அது கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான். கற்றுக்கொடுத்தபடி முகத்தையும் பார்த்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி ஆட்டினாள். மறுபடி நீட்டினான். தான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று நினைத்தானோ என்னவோ, அட்டையைத் திருப்பி, படம் அவள் பக்கம் தெரிகிற மாதிரி வைத்து நீட்டினான். ஏழு முறை. கடித்துத் தொலையேன்டா என்று அவளுக்கு அழுகை வந்தது. அட்டையை அவன் அவ்வளவு நம்பினான்.

எட்டாவது தடவை அட்டையைக் கீழே போட்டான். அவள் கையை இன்னும் பக்கத்தில் நகர்த்தினாள். அவன் அந்தக் கையை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, தன் மணிக்கட்டைத் தானே கடித்தான். விடவில்லை. கிராஃப் மேடம் கூப்பிட்ட குரலுக்கு உதவியாளர் ஓடிவந்து அவன் தாடையைப் பிரித்தபோது சட்டைக் கை முழுக்க ரத்தம்.

"தன்னைத்தானே இதுவரைக்கும் கடிச்சதே இல்ல மேடம்!" உதவியாளர் கத்தினார். "ஒரு தடவை கூட இல்ல!"

உதவியாளர் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிறகு கிராஃப் மேடம் தாளைப் பார்த்துச் சொன்னார்: "கிராஃப்ல இருக்கறது பிறரைக் கடிக்கிறது. அதோட கணக்குல இது வராது. அது இன்னைக்கும் பூஜ்யம்தான்."

இவ்வளவுக்குப் பிறகும் பூஜ்யமா? அக்காவுக்குத் துரை மேல் ஆத்திரம் பொங்கியது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதை விட்டுவிட்டு!

"ஆனா புதுசா தன்னைக் காயப்படுத்திக்கிற பழக்கம் வந்திருக்கு. அதுக்குத் தனி கிராஃப் போடணும். ஆறு மாசம் நீட்டிக்கச் சொல்லி எழுதறேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்றிருந்தது; அதை மறைத்துச் சொல்லி என்ன பயன்.

"இன்னொண்ணு." மேடம் இரண்டாவது கட்டத்தில் பென்சிலை வைத்தார். "சற்று முன் என்ன நடந்தது. ஏழு தடவை அட்டை கொடுத்தார், அக்கா வாங்கலை. நான் எழுதியாச்சு. ஆறு மாசம் நீங்க பார்க்க வரக்கூடாது. ஏன் வாங்கலை?"

"பதட்டத்துல... கவனிக்கல மேடம்."

இதற்குள் துரை எழுந்திருந்தான். கட்டுப் போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதே நடையில் அறையைக் கடந்து, எதிரே இருந்த குளியலறைக்குள் போனான். யாரும் போகச் சொல்லவில்லை. கதவைத் தானே சாத்திக்கொண்டான்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இனிமே மாட்டேன். இனிமே மாட்டேன். இனிமே மாட்டேன்."

உதவியாளர் திகைத்துப் போனார். "இந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுக்கலையே! இங்கே சொன்னதே இல்லையே. வீட்டுல சொல்வாராம்மா?"

"இல்ல," என்றாள் அக்கா.

"எதுக்குக் குளியலறைக்குப் போனார்னு தெரியுமா?"

"தெரியாது."

கிராஃப் மேடம் வேறொரு தாளை எடுத்தார். முன்னேற்றங்களைக் குறிக்கிற தாள் அது. 'புதிய சொற்கள்' என்ற கட்டத்தில், 'தானாகப் பேசியது, மூன்று சொல்லுக்குக் குறையாமல்' என்ற வரிக்கு நேரே பென்சிலை வைத்து யோசித்தார். இரண்டு சொல்தான். அதற்கு மேலே, 'இரண்டு சொல்' என்ற வரியில் ஒன்று என்று எழுதினார். பிறகு இரண்டு தாளையும் குடும்பத்தார் கையெழுத்துக்காக அக்காவிடம் நீட்டினார்.

உதவியாளர் கதவைத் தட்டினார். "துரை, போதும். சரி, போதும். வெளிய வாங்க." உள்ளே குரல் நிற்கவில்லை. தாழ்ப்பாள் போடாத கதவு; அவரே தள்ளித் திறந்தார். துரை சுவரோரமாக நின்றபடி, திறந்த கதவைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"உங்க குரலுக்கு வருவாரும்மா. ஒரு தடவை கூப்பிடுங்களேன்."

என்ன சொன்னால் வருவான் என்று அவளுக்குத் தெரியும். "நூறு ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் கிராஃப் மேடம் தலையை நிமிர்த்தி, நூறா, என்ன நூறு என்று கேட்பார். இரண்டாவது கட்டத்தில் எழுதுவார். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பழக்க தோஷத்தில் மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. கைப்பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போட்டபோது தொண்ணூற்று எட்டு. தெருவில் இறங்கும்போது நூறு தாண்டியது. அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.