வீட்டு நாயா, தெரு நாயா

“வீட்டு நாயா, தெரு நாயா?” சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் தலை நிமிராமல் கேட்டாள்.

“தெரு நாயிங்க” என்றான் வீரமணி. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில்.

நாய் கடித்த தெரசாவின் வலது முன்கையைக் குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவியவள் சசிகலா. அவளுடைய புதுப்புடவை முந்தானையெல்லாம் ரத்தம். புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “எங்கூட்டு நாயிங்க. தடுப்பூசி போடல.”

நர்ஸ் இப்போதுதான் நிமிர்ந்தாள். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

சசிகலாவும் தெரசாவும் இண்டூரிலிருந்து ஒரே வேனில் தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள். நாலு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷின். கிறிஸ்துமஸுக்குத் தெரசா வீட்டில் சாப்பிட்டு வந்த சசிகலா, மாட்டுப் பொங்கலுக்கு நீ வந்தே தீரவேண்டும் என்று விடாமல் கூப்பிட்டிருந்தாள். கண்டவர்களை எதற்கு வீட்டுக்கு அழைக்கிறாய் என்று வீரமணி முணுமுணுத்ததைக் காதில் வாங்கவில்லை. ஆள் வருகிறது, நாயைக் கட்டிப் போடுங்கள் என்று காலையிலிருந்து இரண்டு தரம் சொன்னாள். அவனோ பெங்களூரிலிருந்து வாங்கி வந்த சீசரின் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டு, சிநேகிதர்களுக்குக் காட்ட வாசலில் அவிழ்த்துவிட்டிருந்தான். தெரசா கேட்டைத் திறந்து ஒரு கால்தான் உள்ளே வைத்தாள்.

காயத்தைச் சுற்றி ஊசி இறங்கியபோது தெரசா அழவில்லை. “மெஷின்ல எப்ப உக்காரலாங்க?” என்று மட்டும் கேட்டாள். டாக்டர் வீரமணியிடம் திரும்பி, வெறிநோய் இருக்கிறதா என்று தெரிய பத்து நாளைக்கு நாயைக் கண்காணிக்க வேண்டும், எங்கேயும் அனுப்பிவிடக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் தெரசா மெதுவாகச் சொன்னாள். “வுடுக்கா. புகார் கிகார்னு போனா உனக்குத்தான் வூட்ல தொல்லை.”

“என் தொல்லைய நான் பாத்துக்கறேன். எழுதிக் குடு. சாட்சி நானு.”

ஸ்டேஷனில் வீரமணி சட்டம் பேசினான். “கேட்ல ‘நாய் ஜாக்கிரதை’ன்னு போர்டு வெச்சிருக்குதுங்க மேடம். பாத்து வரவேணாமா?”

“கடிக்கும்னு தெரிஞ்சுதான போர்டு வெச்சீங்க?” என்றார் பெண் எஸ்.ஐ. “தெரிஞ்சும் அவுத்து வுட்டது யாரு?”

“இவருதாங்க” என்று புருஷனைக் காட்டினாள் சசிகலா. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவனை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. குரல் நடுங்காதது அவளுக்கே அதிசயமாக இருந்தது. “நாய்க்குச் சொந்தக்காரங்க எடத்துல என் பேரையும் சேத்து எழுதுங்க. சோறு போடறது நானுதான்.”

மறுநாள் காணும் பொங்கல். விடிந்ததும் வீரமணியின் அண்ணன் மதியழகன் சின்ன லோடு வண்டியோடு வந்துவிட்டான். தொப்பூர்க் காட்டில் நாயை விட்டுவிடுவது என்று இருவரும் போனிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

“நாயே இல்லன்னா கேஸு எப்படி நிக்கும்?” என்றான் மதியழகன்.

“அது செத்துதா இருக்குதான்னு தெரியாம அந்தப் புள்ள ராத்திரி தூங்குமாங்க மாமா?”

வீரமணி அரூரில் அரசாங்க அலுவலகக் குமாஸ்தா. பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம். “என் வேலைய விட அவ கையி பெருசா உனக்கு?” என்று பல்லைக் கடித்தான்.

“அவளும் அந்தக் கையிலதாங்க பொழைக்கறா.”

நாயின் சங்கிலியைக் கழற்ற அவன் வருவதற்குள் அவளே அதைக் கழற்றித் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நாயை இழுத்துப்போய், கேட்டுக்கு நடுவில், கலர்க் கோலத்தின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “பத்து நாளு இது இங்கதான் இருக்கும். அப்புறம் போலீஸ்ல சொல்றபடி.”

எதிர் வீட்டுக்காரர்கள் பல்குச்சியோடு வெளியே வந்து நின்றார்கள். மதியழகன் நாயை ஏற்ற வண்டியை ரிவர்ஸில் எடுத்தான். பின்கதவு திறந்தபடி, பீப் பீப் என்று கத்திக்கொண்டு அது கேட்டை நோக்கி வந்தது. சீசர் எழுந்து உடம்பை முறுக்கியது. சசிகலா வழிவிடாமல் சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அவள் முட்டியில் ஒட்டியிருந்த கோலப்பொடியின் மேல் வண்டிப் புகை வந்து படிந்தது.