மூடியைத் திறக்காத சந்தேகம்

அரைக் கிலோ சர்க்கரைப் பையைப் பிரிக்காமலேயே சமையல் மேடைமீது இருந்த சின்னத் தராசில் வைத்தார் அவர். சரியாக ஐந்நூறு கிராம் காட்டியது. அப்போதும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

"அப்படின்னா பையோட எடையும் இதுக்குள்ளதான் இருக்கு. சர்க்கரை குறையுது" என்று முணுமுணுத்தார்.

அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. மனைவியின் இருமல் கேட்டது, நான்கைந்து முறை, அடிவயிற்றிலிருந்து. மெஷின் மறுபடி ஓடியது.

அவர் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய், தன் பெட்டியிலிருக்கும் எடைக்கற்களைக் கடைக்காரனின் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. மீன் கடையிலிருந்து நகைக் கடைவரை அவர் தலை தெரிந்தாலே எல்லோருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'தராசு'. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. உள்ளூர அவருக்குப் பெருமைதான்.

வருஷத்தில் பத்து மாதம் சுவரே வியர்க்கும் ஊர் அது. துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் முழுதாகக் காயாது. அவருடைய மனைவி வீட்டிலேயே தைப்பவர். வாடிக்கையாளர் கொடுத்த நல்ல துணி ஈரம் இழுத்துவிடக் கூடாது என்று தையல் அறையில் காலையிலிருந்து மாலைவரை ஏசி ஓடும். மழைநாள் குளிருக்கு அதே மெஷினில் சூடான காற்றும் வரும். ஆக, அது ஓயாத மெஷின். மனைவியும் அதன் கீழேயே உட்கார்ந்திருப்பார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து ஏசி சுத்தம் செய்ய இரண்டு பேர் வந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஓர் ஆள், அவனோடு ஓர் இளம்பெண். ஆள் பேசினான், பெண் ஸ்டூலில் ஏறினாள். வெள்ளைத் துணியை மெஷினுக்குள் விட்டுத் துடைத்து எடுத்தாள். துணி கன்னங்கரேலென்று வந்தது.

"பாத்தீங்களா சார்? இதைத்தான் வீட்டுல எல்லாரும் தினமும் மூச்சா இழுக்குறீங்க. முழுசாக் கழட்டி மருந்து அடிச்சாத்தான் ஆச்சு" என்றான் அவன்.

தராசு அந்தத் துணியை வாங்கினார். விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒட்டியது காய்ந்த தூள், கரித்தூள் மாதிரி.

"தண்ணி சொட்டுற மெஷினுக்குள்ள காஞ்ச தூள் எப்படிப்பா வரும்?"

அவன் திக்கினான். அந்தப் பெண்ணின் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தின் முனை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். மாடிப்படி அதிர அதிர இருவரையும் விரட்டினார். கட்டடத்தில் இருந்த எட்டு வீட்டுக்கும் அந்தக் கதை போனது. அலுவலகத்தில் அதை நடித்தே காட்டினார். திருடனைப் பிடித்த சந்தோஷத்தில் மெஷினைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

மனைவிக்கு இருமல் ஆரம்பித்தது அதற்கு நாலு மாதம் கழித்து. மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தார். குறைந்தபாடில்லை. ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது இருமல் இருந்த இடம் தெரியவில்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. அடுத்த மாதமும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். போனார், இருமல் நின்றது. வந்தார், இருமலும் வந்தது.

தராசுக்குப் பொறி தட்டியது. ஆனால் தப்பான பக்கம் தட்டியது.

"அக்கா வீட்டுல இருமல் இல்ல, இங்க காலை வச்சா இருமல். என்ன நாடகம் இது? இங்க இருக்கப் புடிக்கலன்னா நேரா சொல்லிடு."

மனைவி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். நூல் நான்கு முறை தவறியது. "காலையில ஏசியைப் போட்டா ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குதுங்க. யாரையாவது வரச் சொல்லிப் பாக்கலாமே" என்றார்.

"யாரை? மறுபடியும் அந்தப் பவுடர் கும்பலையா? அவங்க சொல்லிக் குடுத்த பயம் இன்னும் உன் மனசுல இருக்கு. அதான் நாத்தமும் அடிக்குது, இருமலும் வருது."

அதற்குப் பிறகு மனைவி அவரிடம் எதையும் கேட்கவில்லை. இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வார். அப்போதும் அவர் காது கூர்மையாகிவிடும்: நான் பார்க்கும்போது இருமுகிறாளா, பார்க்காதபோதும் இருமுகிறாளா?

ஒரு நாள், மறந்துவிட்டுப் போன அலுவலகக் கோப்பு ஒன்றை எடுக்க மதியம் வீட்டுக்கு வந்தார். தையல் அறையில் ஸ்டூல்மேல் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் டார்ச். ஏசியின் மூடி பாதி திறந்திருந்தது. மனைவி தைத்த உடைகளையெல்லாம் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் திரும்பினாள். இப்போது நீலச் சட்டை இல்லை. ஆனால் முகம் அவருக்கு மறக்கவில்லை.

"நீயா? இறங்கு கீழ!"

அவள் இறங்கினாள். பயந்து ஓடவில்லை. "ஆமா சார், நான்தான். அன்னைக்கு அந்தத் தூளை என் கையாலதான் தடவினேன். அந்தக் கம்பெனியை விட்டுட்டேன். இப்ப தனியா வேலை பாக்குறேன்."

"தனியா ஏமாத்துறேன்னு சொல்லு."

மனைவி குறுக்கே வந்தார். "நான்தாங்க வரச் சொன்னேன். பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல நல்லாப் பண்ணினாங்களாம்."

"எனக்குத் தெரியாமயா? எத்தனை நாளா இது?"

அந்தப் பெண் டார்ச்சை அவரிடம் நீட்டினாள். "சார், நான் இன்னும் எதையும் தொடல. உள்ள காத்து வீசுற விசிறி, புளோயர், பூரா பூஞ்சை. கீழ தட்டுல தண்ணி வடியாமத் தேங்கிக் கெடக்கு. இந்த அக்கா இருமுறதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

"உன் கை பட்ட இடத்துல நான் எதைப் பாத்தாலும் அது நீ வச்சதுதான்."

"சரி. நான் போயிடுறேன். போனப்புறம் நீங்களே திறந்து பாருங்க. ரெண்டே கிளிப்புதான்."

அவள் மூடியைச் சாத்திவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். ஸ்டூல் அங்கேயே ஏசிக்கு நேர் கீழே நின்றது.

"ஒரு தடவை பாத்தா என்னங்க?" என்றார் மனைவி.

"நான் பாக்கணும்னுதான் அவ சொல்லிட்டுப் போறா. அதுலயே சூது இருக்கு" என்று அவர் ஸ்டூலைத் தூக்கி வராந்தாவில் போட்டார்.

பதினோரு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், தையல் மெஷின் நின்றது. மறுபடி ஓடவில்லை. இருமலும் கேட்கவில்லை. அதுதான் அவரை எழுந்து வரவைத்தது. மனைவி தரையில் உட்கார்ந்து நாற்காலியின் காலைப் பிடித்திருந்தார். தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்கின. மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்த பிறகுதான் அந்த முகத்துக்கு நிறம் திரும்பியது. நுரையீரல் மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை மாசமா இருக்கு இது? ஏதோ ஒண்ணு தொடர்ந்து உள்ள போய் நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கு. எங்க இருந்தா அதிகமாகுது, எங்க போனா குறையுதுன்னு கவனிச்சிருக்கீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். மாதக் கணக்கில் குற்றமாகச் சொல்லிவந்ததை இப்போது பதிலாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"அவங்க அக்கா வீட்டுக்குப் போனா நின்னுடுது டாக்டர். நம்ம வீட்டுக்கு வந்தா ஆரம்பிச்சுடுது."

"இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுமா இத்தனை நாள் விட்டீங்க? வீட்டுல ஏசி இருக்கா? கடைசியா எப்ப சுத்தம் பண்ணினீங்க?"

அவர் கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது மனைவி கண் திறந்திருந்தார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்.

"கடைக்காரன் மேல சந்தேகம் வந்தா... கல்லை வச்சுப் பாக்குறீங்க. என் மேல சந்தேகம் வந்தப்ப... எதை வச்சுப் பாத்தீங்க?"

மறுநாள் காலை அவர் தனியாக வீட்டுக்கு வந்தார். வராந்தாவிலிருந்து ஸ்டூலை எடுத்துவந்து போட்டு ஏறினார். இரண்டு கிளிப்புகளையும் தள்ளினார். மூடி கையோடு வந்தது. முதலில் வந்தது நாற்றம், ஈரச் சாக்கு நாற்றம். மனைவி சொன்ன அதே வார்த்தை. டார்ச் அடித்தார். உருண்டை விசிறியின் ஒவ்வொரு இதழிலும் கறுப்புப் புள்ளிகள் படர்ந்து ரோமம் போல நின்றன. தட்டில் தேங்கிய தண்ணீர்மேல் வழவழவென்று ஆடை கட்டியிருந்தது. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். தூள் இல்லை. பிசுபிசுவென்று ஒட்டியது, துடைத்தும் போகவில்லை. பன்னிரண்டு நாளாக அந்த மூடியை யாரும் தொடவில்லை என்பது அவருக்குத் தெரியும். யார்மேலும் பழி போட வழியில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கினார். பிறகு மனைவியின் போனில் 'ஏசி பொண்ணு' என்றிருந்த எண்ணைத் தேடிப் போட்டார்.

"யாரு? அந்தத் தையல் அக்கா வீட்டு சாரா?" மறுமுனையில் குரல் உஷாரானது. "என்னை வரவச்சுப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கலாம்னு பாக்குறீங்களா சார்?"

"இல்லம்மா. நான் திறந்து பாத்துட்டேன். அவங்க ஆஸ்பத்திரில இருக்காங்க."

"வர்றேன். ஆனா ஒண்ணு சார். நான் முடிக்கிற வரைக்கும் நீங்க பக்கத்துலயே நிக்கணும். ஒவ்வொண்ணையும் பாக்கணும். அப்புறம் அது இதுன்னு சொல்லக் கூடாது."

வந்தாள். மின்சாரத்தை அணைத்தாள். மெஷினுக்குக் கீழே பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன் வாலை வாளியில் விட்டாள். விசிறியைக் கழற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோய் ஊறவைத்தாள். கம்பிச் சுருளின்மேல் அழுத்தத் தண்ணீர் பீய்ச்ச, பைக்குள் முதலில் காப்பி நிறத்திலும் பிறகு தார் நிறத்திலும் தண்ணீர் இறங்கியது. நான்கு வாளி நிறைந்தது. ஐந்தாவது வாளியில்தான் அடிப்பக்கம் தெரிந்தது. தண்ணீர் வடியும் குழாயில் காற்றை ஊதினாள். விரல் நீளத்துக்குக் கொழகொழவென்று ஓர் அடைப்பு வெளியே விழுந்தது.

"இதான் சார் வில்லன். குழாய் மேல்நோக்கி வளைஞ்சிருக்கு. தண்ணி வெளிய போகவே இல்ல." குழாயைச் சரிவாக மாற்றிக் கட்டினாள்.

அவர் கேட்டார்: "நெசமான அழுக்கு இவ்வளவு இருக்கும்போது எதுக்கும்மா பொய்த் தூள்?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "உள்ள கழட்டிப் பாக்க ஒரு மணி நேரம் ஆகும். தூளைத் தடவ ஒரு நிமிஷம். தினமும் காலையில கருவியோட ஒரு பொட்டலமும் குடுப்பாங்க. அன்னைக்கு உங்க மெஷினுக்கு அடியில நின்னேன். தலையை உள்ள விட்டுப் பாத்திருந்தா அப்பவே இது தெரிஞ்சிருக்கும். நானும் பாக்கல சார்." கையுறையை வாளி விளிம்பில் போட்டாள். "விட்டுட்டு வந்தப்புறம் போற வீட்டுல எல்லாம் உண்மையைச் சொல்றேன். ஒருத்தர்கூட நம்ப மாட்டேங்கிறாங்க. எங்க கம்பெனி தடவின கறுப்பு என் மூஞ்சியிலதான் ஒட்டியிருக்கு."

சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், இது அந்தப் பவுடர் பொண்ணுதானே? நீங்களா உள்ள விட்டீங்க?"

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார் தராசு. "உள்ள வந்து இந்த வாளியைப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க."

எட்டாம் நாள் மனைவி வீடு திரும்பினார். புண் ஆற மாதக் கணக்காகும், முழுக்க ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது என்றிருந்தார் மருத்துவர். மனைவி இரண்டு படி ஏறி, நின்று, மறுபடி ஏறினார். தையல் அறை வாசலுக்கு வந்ததும் மனைவியின் கால் உள்ளே போகவில்லை. சுவரில் இருந்த மெஷினையே பார்த்தார்.

"சுத்தம் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"நெசமாவா? சும்மா என்னைச் சமாதானம் பண்ணச் சொல்லலயே?"

'என்னை நம்ப மாட்டியா' என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். ஜன்னலைத் திறந்தார். ஏசியின் மூடியைக் கழற்றினார். மனைவிக்கு எட்டும்படி நாற்காலியைப் போட்டு, ஏறும்போது விழாமலிருக்க முழங்கையைத் தாங்கினார். மனைவி உள்ளே குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவசரப்படாமல், மூலை மூலையாகப் பார்த்தார்.

இறங்கி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"சந்தேகப்படுறது தப்பே இல்லைங்க. இப்ப நானும்தான் பட்டேன். ஆனா சந்தேகம் வந்தா கண்ணைத் திறந்து பாக்கணும். பாக்காமலே நம்பினா ஏமாத்துறவன் பொழைப்பான். பாக்காமலே சந்தேகப்பட்டா, கூட இருக்கறவங்க உசுரு போகும்."